மன்றம் கட்டளை போடுவதில்லை
"உலகத் திருச்சபைகள் மன்றம் வாடிகன் மாதிரி, அது முடிவெடுத்தால் எல்லாச் சபைகளும் கீழ்ப்படிந்தாக வேண்டும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. பல நாட்டுக் கிறிஸ்தவ சபைகள் சேர்ந்து 1948இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய அந்த மன்றம், தான் சபைகளுக்கு மேலான ஒரு சபை அல்ல என்று 1950இலேயே டொராண்டோவில் அறிவித்துவிட்டது. தீர்மானத்தை ஏற்பதும் விடுவதும் அந்தந்தச் சபையின் உரிமை. பெரும்பான்மை வாக்கில் தங்கள் குரல் அமுங்கிப்போகிறது என்று கிழக்கத்திய மரபைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் சபைகள் வருந்தியதால், இப்போது பெரும்பாலும் ஒருமித்த கருத்தில்தான் முடிவெடுக்கிறார்கள். உடன்படுபவர்கள் ஆரஞ்சு அட்டை காட்டுவார்கள், உடன்படாதவர்கள் நீல அட்டை. நீலம் தெரிந்தால் பேச்சு தொடரும். நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது. அப்புறம், கத்தோலிக்கத் திருச்சபை அங்கே உறுப்பினரே இல்லை. ஆனாலும் மன்றத்தின் விசுவாசம், சபை ஒழுங்கு பற்றிய ஆணையத்தில் 1968 முதல் கத்தோலிக்க இறையியலாளர்கள் முழு உறுப்பினர்களாக இருக்கிறார்கள்.