பாக்கி

போன வாரம் பவானியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் பழைய சிநேகிதர், இருபத்து நாலு தறி வைத்திருக்கிறார். ஆள் கிடைப்பதில்லை என்ற புலம்பலில் ஆரம்பித்து, பேச்சு பாக்கிக்கு வந்து நின்றது. "கைநீட்டி வாங்கறாங்க. நாம என்ன கட்டியா போட்டிருக்கறோம்? தனிமனித சுதந்திரம்னு நீங்கதான் எழுதறீங்க. வாங்கறதும் அவன் சுதந்திரந்தானுங்களே" என்றார். அந்த நேரம் ரசம் வந்துவிட்டது, நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் பாக்கி என்றால், தறி ஓட்ட வருகிற ஆளுக்கு மொதலாளி கொடுக்கும் முன்பணம். பெரும்பாலும் வட்டி கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? அது தீருகிற வரைக்கும் வேறு பட்டறைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். வாரக்கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள். சில பட்டறையில் பிடிக்கவே மாட்டார்கள். பிடித்துத் தீர்ந்துவிட்டால் ஆள் போய்விடுவானே.

என் அப்பா முதல் பாக்கி வாங்கியது அத்தை கல்யாணத்துக்கு. அப்புறம் என் காதுகுத்துக்கு, அப்பிச்சியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று அது வளர்ந்துகொண்டே போனது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அவர் பட்டறை மாறினார். அன்று என்னையும் கூட்டிப் போயிருந்தார். ஒரு பேக்கரியில் பழைய மொதலாளியும் புது மொதலாளியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நின்றுகொண்டிருந்தார். புதியவர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பதினோராயிரம் எண்ணி வைத்தார். பழையவர் இன்னொரு தடவை எண்ணிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கணக்கு நோட்டில் அப்பா பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார். பணம் இந்தப் பக்கம், காகிதம் அந்தப் பக்கம். எதுவும் அப்பா கைக்கு வரவில்லை. எனக்கு ஒரு தேங்காய் பன் கிடைத்தது.

திரும்பி வரும்போது அப்பா சந்தோஷமாக இருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். "பதினொண்ணு. அந்தப் பட்டறையில எவனுக்கும் இத்தன பாக்கி கெடையாது கண்ணு" என்றார். நல்ல தறிக்காரனுக்குத்தான் பெரிய பாக்கி கிடைக்கும், அது ஒரு மரியாதை. நானும் மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். சிநேகிதர் சொல்வது போலக் கட்டிப்போட யாரும் கயிறு எடுத்து வரவில்லை. அப்பா தானாகப் போய்க் கேட்டுத்தான் வாங்கினார். அந்தச் சுதந்திரம் அவருக்கு இருந்தது, வாங்கின அன்றைக்கு. மறுநாள் காலையிலிருந்து இல்லை.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். அரசியலமைப்பின் 21வது பிரிவு எல்லோருக்கும் தெரியும்: உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் பறிக்கக்கூடாது. நாம் சுதந்திரம் என்றதும் நினைப்பது போலீஸ், ஜெயில், வ.உ.சி. கோயம்புத்தூர் ஜெயிலில் இழுத்த செக்கு. அது சரிதான். ஆனால் 23வது பிரிவு அரசாங்கத்தோடு நிற்பதில்லை. கட்டாய உழைப்பை யார் வாங்கினாலும் குற்றம் என்கிறது, பட்டறைக்காரர் உட்பட.

இதில் ஒரு விசித்திரம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் வந்தது 1975 அக்டோபரில், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோது. 1976 பிப்ரவரியில் அது முழுச் சட்டமானது. அதே 1976 ஏப்ரலில், விசாரணையில்லாமல் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். ஒரு கையால் பண்ணையாளை அவிழ்த்துவிட்டு, இன்னொரு கையால் எழுதுகிறவனையும் பேசுகிறவனையும் கட்டிப்போட்ட காலம். அதற்காக அந்தச் சட்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முன்பணத்துக்காக ஒருவன் வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலே அது கொத்தடிமைதான் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தக் கடனும் செல்லாது, கட்ட வேண்டியதில்லை. மீறினால் மூன்று வருடம் வரை ஜெயில். எங்கள் தெருவில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? அடுத்த கல்யாணத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

1982ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கில் நீதிபதி பகவதி எழுதியதுதான் சிநேகிதருக்கு என் பதில். பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்வதும் கட்டாயந்தான் என்றார் அவர். தடியை யாரும் காட்டியிருக்க வேண்டியதில்லை.

மொதலாளிகள் பக்கமும் நியாயம் உண்டு. பாக்கி வாங்கிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இருபத்து நாலு தறிக்காரர் பெரிய பணக்காரரும் இல்லை. பாவு நூலும் ஊடை நூலும் யாரோ கொடுக்க, அவர் கூலிக்கு ஓட்டிக் கொடுக்கிறார். அவர் கழுத்திலும் ஒரு கயிறு இருக்கிறது. அவசரத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கடன் கொடுக்க வேறு எவரும் வரவில்லை என்பதும் நிஜம். ஆனால் பணத்தைக் கடனாகக் கொடுங்கள், கடனாகத் திருப்பிக் கேளுங்கள். ஆளை எதற்கு நோட்டில் எழுதுகிறீர்கள்? மில் ஹாஸ்டல்களில் மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்களே, அதுவும் இதே கணக்குதான். பாதியில் கிளம்பினால் பணம் போச்சு.

நான் திருப்பூரில் வேலைக்குப் போய் இரண்டு வருடத்தில் அப்பாவின் பாக்கியைக் கட்டினேன். அதற்குள் அது முப்பத்து நாலாயிரம் ஆகியிருந்தது. மறுநாள் என்ன செய்யப் போகிறார் என்று ஆவலாக இருந்தேன். காலை ஐந்தரைக்குத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போனார். எனக்கு ஏமாற்றந்தான்.

மூன்று மாதம் கழித்து, பாவு அறுந்ததற்கு மொதலாளி மகன் ஏதோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். அதற்கு முன்னால் ஆயிரம் தடவை கேட்ட வார்த்தையாகத்தான் இருக்கும். அப்பா தறியை நிறுத்திவிட்டு, ஊடை நூலை ஓட்டும் நாடாவைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அப்போது மணி பதினொன்று. அந்த நேரத்தில் எங்கள் திண்ணையில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. வெயிலிலேயே உட்கார்ந்திருந்தவரை எழுப்பி, அம்மாதான் கட்டிலை நகர்த்திப் போட்டார்.