சாட்சி சொல்லாத அக்கா

மதத்தின் பெயரால் நடக்கும் பெண்கள் இல்லம் எல்லாமே ஆள் பிடிக்கிற கடைதான் என்று நண்பர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். கீழே ஏகப்பட்ட ஆமோதிப்பு. அதே நாளில் என் பள்ளித்தோழி, சாமி நம்பிக்கை மட்டும் இல்லாவிட்டால் இந்தப் பெண்களை யார் தூக்கிவிடுவார்கள் என்று உருகியிருந்தாள். இரண்டுக்கும் நான் லைக் போடவில்லை. இரண்டு பதிவையும் படித்தபோது ஞாபகத்துக்கு வந்தது எங்கள் தெரு அக்கா ஒருத்திதான்.

அக்காவுக்குத் திண்டுக்கல் பக்கம். 16 வயதில் நூல் மில்லுக்குப் போனார். மூன்று வருஷம் மில் ஹாஸ்டலிலேயே தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள், கல்யாணத்துக்கு ஆகும் என்று பேச்சு. சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்திருந்தார்கள். ஊரில் கேம்ப் கூலி என்போம். ஏஜெண்ட் திண்ணையில் உட்கார்ந்து 30,000, 40,000 என்று சொல்லச் சொல்ல, அவர் அப்பாவுக்குக் கந்துவட்டிக்காரன் முகம்தான் கண்ணில் தெரிந்திருக்கும். பஞ்சுத் தூசியில் இருமல் கண்டு, இரண்டரை வருஷத்தில் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருஷம் முடியவில்லை, அதனால் தொகை கிடையாது. அவ்வளவுதான் கணக்கு.

அதற்கப்புறம் அக்கா ஓர் இல்லத்தில் போய்ச் சேர்ந்தார். எந்த இல்லம், எந்த ஊர் என்பது வேண்டாம். மூன்று வேளைச் சோறு, மருந்துச் செலவு, எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை நன்கொடை தருகிறவர்கள் வருவார்கள். அன்றைக்கு அக்கா மேடையேறிச் 'சாட்சி' சொல்ல வேண்டும். மில்லில் என்ன நடந்தது, சூப்பர்வைசர் என்ன செய்தான், ஆண்டவர் எப்படி மீட்டார் என்று வரிசையாக. "மொத தடவ நெசமாவே அழுதேன். அஞ்சாவது தடவ எந்த இடத்துல அழணும்னு எனக்கே தெரிஞ்சு போச்சு" என்றார் என்னிடம். ஆறாவது மாதம் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்புறம் பக்கத்து ஊரில் ஒரு சிஸ்டர் நடத்திய தையல் வகுப்பு. இரண்டே அறை, பழைய மெஷின்கள். காலையில் ஜெபம் உண்டு. வருகிறவர்கள் வரலாம், வராதவர்கள் வெளியே உட்கார்ந்து காஜா எடுக்கலாம். முதல் வாரமே அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் அவர் பெயரில் பாஸ்புக் போட்டுக் கொடுத்தார் சிஸ்டர். அங்கே இருந்த காலம் முழுக்க ஒருநாள்கூட "உன் கதை என்ன" என்று அவர் கேட்கவில்லையாம். அக்கா இன்றைக்கும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்தான்.

இரண்டு இடத்திலும் ஒரே பைபிள். இதைத்தான் என் நண்பருக்கும் தோழிக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த விஷயத்தை யோசிக்கும்போதெல்லாம் நான் போய் நிற்கிற இடம் பண்டித ரமாபாய். 1858-ல் பிறந்தவர். பெண்ணுக்கு சமஸ்கிருதமா என்று ஊர் முகம் சுளித்த காலத்தில், மனைவிக்கும் மகள்களுக்கும் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்த பிராமணரின் மகள். 1870களின் பஞ்சத்தில் அப்பா, அம்மா, அக்கா மூவரையும் பறிகொடுத்து, அண்ணனோடு நாடு முழுக்க நடந்தே போய் 1878-ல் கல்கத்தாவைச் சேர்ந்தார். அங்கே அவர் புலமையைப் பார்த்து 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். சாதி விட்டுக் கல்யாணம். இரண்டே வருஷத்தில் கணவர் இறந்துபோனார். கையில் பெண் குழந்தை. 1883-ல் இங்கிலாந்து போய், வாண்டேஜ் என்ற ஊரில் கன்னியாஸ்திரிகளின் ஆதரவில் இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அவர்களோடு சண்டை போட்டவர் ரமாபாய். சிலுவையில் எழுத்து லத்தீனில் எதற்கு, என் சமஸ்கிருதம் எந்த விதத்தில் குறைச்சல் என்று கேட்டார். கோட்பாட்டிலும் மேலே இருக்கிறவர்கள் சொன்னதை அப்படியே விழுங்க மாட்டேன், எனக்கும் மனசாட்சி இருக்கிறது என்று கடிதம் கடிதமாக எழுதினார். உதவி வாங்குகிறவள் எதிர்த்துப் பேசினால் நம் ஊரில் உடனே வருகிற வார்த்தை, நன்றி கெட்டவள். அங்கேயும் சிஸ்டர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் சோற்றை நிறுத்தவில்லை.

1889-ல் பம்பாயில் சாரதா சதன் என்று தங்கிப் படிக்கும் இல்லம் ஒன்றை ஆரம்பித்தார். பெரும்பாலும் இளம் விதவைகள். அமெரிக்காவில் பத்து வருஷத்துக்குப் பணம் தர ஒரு சங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. மதம் மாற்ற மாட்டேன் என்பது பேச்சு. ஆனால் அவர் ஜெபிக்கும்போது அறைக் கதவு திறந்தே இருக்கும், விரும்பின பெண்கள் போய் உட்காருவார்கள். 1893-ல் இது பெரிய சண்டையாகி, ஆலோசனைக் குழுவில் இருந்த இந்து சீர்திருத்தக்காரர்களான ரானடேயும் பண்டார்கரும் விலகினார்கள். வீட்டார் வந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தீர்ப்பு சொல்ல வரவில்லை. கதவைச் சாத்தியிருக்கலாம் என்றும் தோன்றும். தன் வீட்டில் தன் கதவைத் திறந்து வைக்க ஒரு பெண்ணுக்கு உரிமை கிடையாதா என்றும் தோன்றும்.

அந்த சதனில் படித்த கோதுபாய் என்ற விதவையை 1893-ல் மறுமணம் செய்துகொண்டவர் தோண்டோ கேசவ் கார்வே. அடுத்து 1896-ல் விதவைகளுக்கான இல்லம், 1916-ல் இந்தியாவின் முதல் பெண்கள் பல்கலைக்கழகம் என்று கார்வே தொடங்கியவற்றுக்கெல்லாம் கூடவே நின்றவர் கோதுபாய். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. ரமாபாய் வீட்டுச் சோறு அங்கே போய் விளைந்தது.

1896-97 பஞ்சத்தில் கதை வேறு. மத்திய மாகாணங்களில் பசித்த பெண் பிள்ளைகளைத் தூக்கிப்போகத் தரகர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நிவாரண முகாம்களிலேயே பெண்களுக்குப் பாதுகாப்பில்லை. ரமாபாய் அங்கே போய், கிடைத்த பெண்களை நூற்றுக்கணக்கில் கூட்டிக்கொண்டு வந்தார். புனேவுக்கு அந்தப் பக்கம் கேட்காவ் என்ற இடத்தில் வளர்ந்த முக்தி இல்லத்தில் 1900 வாக்கில் 1,500 பேருக்கு மேல். தறி, அச்சுக்கூடம், எண்ணெய்ச் செக்கு, பால்மாடு, விவசாயம் என்று ஆளுக்கொரு தொழில். பார்வையில்லாத பெண்களுக்கு பிரெய்ல். அவர் மராத்தியில் மொழிபெயர்த்த பைபிளை அச்சுக் கோத்ததும் அந்தப் பெண்கள்தான். ஆனால் முக்தி வெளிப்படையாகவே கிறிஸ்தவ இல்லம். எலும்பும் தோலுமாக வந்த பிள்ளை அங்கே மதம் மாறினால் அது எவ்வளவு தூரம் அவள் விருப்பம்? அவளும் இல்லை என்று சொல்லியிருக்க முடியுமா, வாண்டேஜில் ரமாபாய் சொன்ன மாதிரி? என்னால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை. "அவரைத் தவிர வேறு யார் வந்தார்கள்" என்ற பதில் பாதி சரி. மீதிப் பாதி அப்படியே நிற்கிறது.

இதே கிறிஸ்தவம் கதவைப் பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து இருக்கிறது. மக்தலேன் சலவைக்கூடங்கள். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவள், கெட்டுப்போய்விடுவாள் என்று யாரோ பயந்த பெண், போக்கிடம் இல்லாதவள் எல்லோரையும் மடத்துக்குள் வைத்துக் கூலியில்லாமல் துணி துவைக்கவிட்டார்கள். பெயரைக்கூட மாற்றினார்கள். கடைசிக் கூடம் மூடியது 1996-ல். 1922 முதல் அதுவரை ஏறக்குறைய 10,000 பெண்கள் உள்ளே போனதாக 2013-ல் வந்த அரசு அறிக்கை சொல்கிறது. அதே வருஷம் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அவையும் ஆதரவு இல்லம் என்று ஆரம்பித்தவைதான். கேம்ப் கூலிக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அக்காவிடம் கேட்டால் சொல்வார்.

சரி, மதமே வேண்டாம், அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்கிறவர்களுக்கு: பெண்களுக்கான அரசு உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள், நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் சகி மையத்தில் ஐந்து நாள் தங்கலாம். அதற்கு மேல் வேறு இல்லத்துக்கு அனுப்புவார்கள். அந்த இல்லங்கள் பலவற்றை நடத்துவது யார் என்று விசாரித்துப் பாருங்கள். சிஸ்டர்களோ ஏதோ ஒரு டிரஸ்ட்டோதான். நகையை வைத்து வட்டியில்லாக் கடன் கொடுக்கும் பைத்துல்மால் என்கிற பள்ளிவாசல் பொதுநிதிகளும் இருக்கின்றன. மகளிர் குழுக் கடன்காரன் வாசலில் வந்து நிற்கிற அன்றைக்கு அந்தக் கடன்தான் ஒரு வீட்டின் மானத்தைக் காப்பாற்றுகிறது.

ஆகவே நன்கொடை கொடுப்பதற்கு முன்னால் நான் கேட்பது சில்லறைக் கேள்விகள்தான். பாஸ்புக் யாரிடம் இருக்கிறது? ஜெபத்துக்கோ பஜனைக்கோ வராதவளுக்கு அன்றைக்கு மதியச் சோறு உண்டா? கேட்டுக்குப் பூட்டு எந்தப் பக்கம்? பெண்களை வரிசையாக நிறுத்தி எனக்கு வணக்கம் சொல்லவைத்தால் காசை எடுக்காமல் திரும்பிவிடுவேன். அப்படி ஒருமுறை திரும்பியும் இருக்கிறேன். வீட்டில் எனக்குக் கஞ்சப் பிசினாரி என்று பெயர்.

இதை எழுதலாமா என்று அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டேன். நானும் ஒருவகையில் அவரை மேடையேற்றுகிறேனோ என்ற உறுத்தல். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். "பேரு போடாத. போட்டோ போடாத. மில்லு பேர வேணும்னா போடு" என்றார். கேஸ் போடுவார்கள் அக்கா என்றேன். "அப்ப அதையும் விடு. இந்தப் பிளவுச மூணு மணிக்குள்ள குடுக்கணும், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.