மாரிக் கீரைக்குப் பற்றைக்குள் இறங்க முதல்

மழை விட்டுவிட்டுப் பெய்கிற இந்த நாட்களில் திருகோணமலையின் சாம்பல்தீவிலிருந்து திரியாய் வரை வேலியெல்லாம் கொடிதான். முசுட்டை, முடக்கொத்தான், தூதுவளை, குறிஞ்சா எல்லாம் தளிர்த்து நிற்கின்றன. தை கழிந்து வெயில் ஏறினால் இலை முற்றி நாராகிவிடும். ஆகவே ஆய்வதற்கு இதுதான் காலம். ஆயவும் வேண்டும், பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கவும் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் போனில் வந்த ஒரு படத்தை நம்பிப் பற்றைக்குள் இறங்குவதை நான் ஏற்கமாட்டேன். பெரும்பாலான படங்களில் இலையின் மேற்பக்கம் மட்டும்தான் தெரியும். கீரையை அடையாளம் காட்டுவது அடிப்பக்கம், தண்டு, பூ, காய்.

முசுட்டையை எடுங்கள். இதய வடிவ இலை, அடிப்பக்கம் வெள்ளியாய் மினுங்கும். சமுத்திரப்பச்சை என்ற வேறொரு கொடிக்கும் அதே வடிவம், அதே வெள்ளை அடி. முசுட்டை இலை உள்ளங்கைக்குள் அடங்கும். பூ வெள்ளை, இரவில் விரியும். சமுத்திரப்பச்சையின் முற்றிய இலையோ சாப்பாட்டுத் தட்டளவுக்கு வரும். பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு. அதன் தளிரும் சிறிதாக இருப்பதால்தான் அடையாளம் பிழைத்துப் போகிறது. கொடியைப் பிடித்துக்கொண்டே போய், அடியிலுள்ள முற்றிய இலையைப் பார்த்த பிறகு கிள்ளுங்கள். முடக்கொத்தானில் இந்தச் சிக்கல் குறைவு: காற்றடைத்த மூன்று பக்கக் காய், உள்ளே கறுப்பு விதையில் வெள்ளை இதயக் குறி. காய் காணாத கொடியை, பழக்கமில்லாதவர்கள் விட்டுவிடுங்கள்.

பயப்பட வேண்டியது கார்த்திகைப்பூவுக்கு. அதே மாரி, அதே வேலி. பூ இல்லாத நேரத்தில் வெறும் பச்சைக் கொடி; இலை நுனி சுருண்டு பக்கத்துக் கொப்பைப் பற்றியிருப்பதை வைத்துத்தான் பிடிக்கலாம். அதன் கிழங்கை வத்தாளங்கிழங்கு என்று அவித்துத் தின்று செத்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. அதிலுள்ள கொல்கிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது. "நல்லா அவிச்சால் நஞ்சு போயிடும்" என்ற பேச்சை தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். சில மணித்தியாலங்களில் சத்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அது அடங்கியது போலத் தெரிந்தாலும் வீட்டில் இருக்கக் கூடாது, உறுப்புகள் பழுதாவது அடுத்தடுத்த நாட்களில்தான். உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். தின்ற மிச்சத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். காட்டுக் கிழங்கு எதையும் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தோண்டவே வேண்டாம்.

இடமும் முக்கியம். தம்பலகாமம், கிண்ணியா வயல் வரம்புகளில் கீரை கொழுத்துத்தான் இருக்கும். ஆனால் களைநாசினி அடித்த இலை சில நாட்களுக்குப் பச்சையாகவே நிற்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வயற்காரரைக் கேளுங்கள்; அடித்தேன் என்றால் அந்தப் போகம் முழுக்க அங்கே ஆய வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது மருந்தை எடுக்காது. வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுவதால் கழிவு வாய்க்கால் ஓரத்தது கூடவே கூடாது. காலில் புண்ணோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே இலை கிள்ள எண்ணவே வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிப் பக்கம் கீரைக்காகக்கூடப் போகாதீர்கள்.

ஆயும்போது நுனியில் நாலைந்து இலை போதும், கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஒரு கொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். தூதுவளையை முள்ளுக்குப் பயந்து வேரோடு பிடுங்குகிறார்கள்; அடுத்த மாரிக்கு அந்த வேலியில் ஒன்றும் இராது.

மூன்று தண்ணீரில் அலசுங்கள். சாரணையை அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வறை செய்யுங்கள். அது ஒக்சலேட் என்ற உப்புக் கூடிய கீரை, சிறுநீரக வருத்தக்காரருக்கு வேண்டாம். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குறிஞ்சாவைத் தினமும் தின்னாதீர்கள். இரண்டும் சேர்ந்து சீனியை மிகவும் இறக்கிவிடலாம். நன்றாகத் தெரிந்த கீரையே என்றாலும், முதல் முறை சாப்பிடுகிறவர் ஒரு கரண்டி வறையோடு நிறுத்தி, மறுநாள் வரை பாருங்கள்.