உப்புக்குள் ஒரு பூசணிக்காய்

இன்றைக்குப் பிளஸ் ஒன் வகுப்பில் என் மானம் போயிற்று. மானத்தை வாங்கியது என் லேப்டாப்பில் கிடக்கும் மூலக்கூறு வரையும் மென்பொருள்.

ஒரு வாரமாகத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். சோடியம் தன் கடைசி எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டால் வெளிக்கூடே காலி, ஆள் சுருங்கிவிடுவான். குளோரின் அதை வாங்கிக்கொண்டு ஊதிப்போவான் என்று. உலோகத்தில் 1.86 ஆங்ஸ்ட்ராம் (ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்) ஆரத்தோடு இருக்கும் சோடியம், உப்பில் அயனியாக, அதாவது மின்சுமை ஏறிய அணுவாக, இருக்கும்போது வெறும் 1.02. எலக்ட்ரானை வாங்கிய குளோரின், அதாவது குளோரைடு, 1.81. இரண்டையும் கூட்டினால் 2.83. இரண்டின் மையங்களுக்கு நடுவே எக்ஸ் கதிரை வைத்து அளந்த இடைவெளி 2.82! இப்படிப் பொருந்தும் கணக்கைப் படமாகவும் காட்டுவோமே என்று புரொஜெக்டரைப் போட்டேன்.

உப்புப் படிகத்தைத் திறந்து, உருண்டைகளைப் பெரிதாக்கும் பட்டனை அழுத்தினேன். திரை முழுக்க ஊதா நிறத்தில் பூசணி பூசணியாகச் சோடியம், ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டு. இடுக்கில் நசுங்கி, பச்சையாக எட்டிப் பார்க்கிறது குளோரைடு. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “சார், நேத்து சோடியம் சின்னதுன்னு சொன்னீங்க?” வகுப்பே சிரிக்கிறது. நான் என்ன சொல்வேன்?

மென்பொருள் எடுத்துக்கொண்டது வாண்டர் வால்ஸ் ஆரம். 1964-இல் பாண்டி (Bondi) என்ற ஆய்வாளர் வெளியிட்ட பட்டியலில் சோடியம் 2.27, குளோரின் 1.75. மின்சுமை இல்லாத, பிணைப்பில்லாமல் உரசி நிற்கும் அணுக்களுக்கான எண்கள் அவை. உப்பில் அவற்றுக்கு என்ன வேலை? நியாயமாகக் குளோரைடு கன அளவில் சோடியத்தைப்போல ஐந்தரை மடங்கு இருக்க வேண்டும். திரையில் சோடியம்தான் குளோரைடைப்போல இரண்டு மடங்கு. சரி, ஏதோ ஓர் ஆரத்தைப் போட்டுத் தொலை. எதைப் போட்டாய் என்று மூலையில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வீட்டுக்கு வந்து மெனு மெனுவாகத் தோண்டியதில், நாலாவது அடுக்கில் ‘அயனி ஆரம்’ கிடைத்தது. அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகுதான் புரிந்தது: நான் திறந்த கோப்பில் தனிமத்தின் குறியீடும் அது இருக்கும் இடமும் மட்டும்தான் உண்டு. மின்சுமை இல்லை. அப்புறம் எப்படி அதற்கு இது அயனி என்று தெரியும்? தெரியவில்லை என்றால் வாயைத் திறந்து கேட்கலாமே! கேட்காது. அதோடு நிற்கிறதா? அணுக்களைக் குச்சியால் இணைத்துக் காட்டும் படத்துக்குப் போனால் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் நடுவே பிணைப்புக் குச்சி வேறு நட்டு வைக்கிறது. ‘உப்பில் தனி மூலக்கூறு கிடையாது’ என்று நான் நடத்திய பாடமும் அம்பேல்.

அயனி ஆரம் ஒரே எண் இல்லை என்பது எனக்கும் தெரியும். 1976-இல் ஷானன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட அயனி ஆரப் பட்டியலைப் பார்த்தால், சுற்றிலும் ஆறு எதிர் அயனிகள் நின்றால் சோடியம் 1.02, எட்டு என்றால் 1.18. இரும்பு இன்னும் மோசம், மின்சுமைக்கு ஒன்று, எலக்ட்ரான்களின் தற்சுழற்சி நிலைக்கு ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். கஷ்டம் என்பதற்காகச் சத்தமில்லாமல் தப்பான உருண்டையைக் காட்டுவதா?

கடைசியில் ஒவ்வொரு அயனிக்கும் மின்சுமையைக் கையால் தட்டிச் சரிசெய்தபோது மணி பதினொன்று. நாளைக்குப் புரொஜெக்டர் மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்ற பயத்தில், வரும் வழியிலேயே எலுமிச்சையும் சாத்துக்குடியும் வாங்கி வைத்துவிட்டேன். சோடியத்துக்கு எலுமிச்சை, நாலு சென்டிமீட்டர்; குளோரைடுக்குச் சாத்துக்குடி, ஏழு சென்டிமீட்டர். விகிதம் கிட்டத்தட்ட கச்சிதம். அடுத்த வாரம் சீசியம் குளோரைடு. இரண்டு அயனியும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் முழுக்கச் சாத்துக்குடியாகவே வாங்கிவிடலாம்.