ஓடைக்கரையில் கற்பூர மரம் நட்டால் கங்கைப் பணமா?

"நமாமி கங்கை நிதியில் நீலகிரி விவசாயிகளுக்கு மானியம். ஓடைக்கரையில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு போட்டோ அனுப்பவும், பதிவுக் கட்டணம் 500 ரூபாய்." கோத்தகிரி, குன்னூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் பொய்.

2014-இல் மத்திய அரசு தொடங்கிய நமாமி கங்கை என்ற நதித் தூய்மைத் திட்டம், கங்கைக்கும் அதில் சேரும் ஆறுகளுக்குமானது. நம் மோயாறு பவானியில் சேர்கிறது, பவானி காவிரியில். கங்கைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை. மற்ற நதிகளுக்குத் தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அதிலும் மாநில அரசு திட்ட அறிக்கை அனுப்ப வேண்டும். மத்திய, மாநில அரசுகள் செலவைப் பகிர்ந்துகொள்ளும். பணம் பெரும்பாலும் சாக்கடைநீர் சுத்திகரிப்புக்குத்தான் போகிறது. போட்டோவுக்கு யாரும் காசு தருவதில்லை.

மரம் விஷயம் இன்னும் வேடிக்கை. கற்பூர மரம் தண்ணீரை உறிஞ்சும் என்பது இங்கே பாட்டிமாருக்கும் தெரியும். மழையைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து, கோடையில் ஓடைக்குக் கசியவிடுவது இந்த மலையின் இயற்கைக் காடான சோலையும் புல்வெளியும்தான். சீகை (வாட்டில்) போன்ற அந்நிய மரங்களை அகற்றிச் சோலையை மீட்க 2022-இல் தமிழக அரசே கொள்கை வெளியிட்டது. கற்பூரமும் அந்நிய மரம்தான். பிடுங்கச் சொல்லும் அரசு, நடுவதற்கு மானியம் தருமா?

500 ரூபாய் கட்டிவிட்டீர்களா? உடனே 1930-க்கு அழையுங்கள். இணையமோசடிக்கான உதவி எண் அது.