1855-ஆம் ஆண்டு எஞ்சின் நெல்லையில் ஓடியதா?

"1876-இல் திருநெல்வேலிக்கு முதல் ரயிலை இழுத்துவந்த இ.ஐ.ஆர்-21 நம் ஊர்ச் சொத்து, அதை ஜங்ஷனில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்" என்று நெல்லை வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறானது. லீட்ஸ் நகரில் 1855-இல் கட்டப்பட்ட அந்த நீராவி எஞ்சின் கல்கத்தாவின் கிழக்கிந்திய ரயில்வேக்கு வந்தது. 2010-இல் பெரம்பூர் லோகோ பணிமனை அதை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தது (குழப்பம் இங்கேதான் பிறந்திருக்க வேண்டும்). அதன் சக்கரங்கள் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதைக்கானவை. மணியாச்சியிலிருந்து நெல்லைக்குத் தென்னிந்திய ரயில்வே போட்டதோ 1,000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜ் என்பதால், அந்தத் தண்டவாளத்தில் அது நிற்கக்கூட முடியாது. அதன் உரிமை இந்திய ரயில்வேயிடமே இருக்கிறது. ஜங்ஷனில் நினைவுச்சின்னம் வேண்டுமென்றால், மீட்டர்கேஜ் தடங்களில் ஓடிய ஒய்.பி வகை எஞ்சின் ஒன்றைக் கேட்பதே பொருத்தம்.