சண்டியனுக்கு இரண்டு பொடியள்

(வெள்ளவத்தை. அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் மாடி. சுதன் கையில் சப்பாத்துப் பெட்டி, உள்ளே கீச்கீச்.)

சுதன்: ராணி அன்ரி, இரண்டு எலிக்குஞ்சு வாங்கினனான். நேரே என்ர பெரிய எலி சண்டியன்ர கூட்டுக்குள்ள விடப்போறன்.

ராணி: விடு. பிறகு அதே பெட்டியில அடக்கமும் செய்யலாம்.

சுதன்: ஐயோ!

ராணி: எத்தனை கிழமை?

சுதன்: ஆறு. இரண்டும் கடுவன் எண்டு கடைக்காரர் சொன்னவர்.

ராணி: சொன்னவரோ? வாலைத் தூக்கிப் பார். ஐந்து கிழமையிலயே பெட்டைக்கு வயித்தில தங்கும். 21, 22 நாளில பத்துப் பன்னிரண்டு குட்டி.

சுதன்: (பார்த்து) விதை இருக்கு அன்ரி. கண்ணுக்கு முதல் அதுதான் தெரியுது.

ராணி: சரி, இரண்டு கிழமை வேற அறையில வை. கூட்டைத் தள்ளி வைச்சாக் காணாது. காத்தாலயே மூச்சு வருத்தம் தொத்தும். முதல் சண்டியனைக் கவனி, கடைசியாக் குஞ்சு. பிறகு கை கழுவி உடுப்பு மாத்து. இரண்டு கிழமை முடிஞ்ச பிறகுதான் சந்திப்பு. சண்டியன்ர வாசமே இல்லாத இடம் வேணும். குளிக்கிற தொட்டி இருக்கோ?

சுதன்: வாளி இருக்கு.

ராணி: அப்ப குளியலறைத் தரை. ஈரத்தைத் துடை, கொமட்டுக்குப் பின்னால உள்ள சந்தை அடை. வெக்கை தணிஞ்ச பின்னேரமா 15, 20 நிமிசம். ஒளிக்கிற பெட்டி, குழாய் ஒண்டும் வேண்டாம். உள்ளுக்குள்ள ஒருவன் மாட்டினா மற்றவன் வாசலிலயே நிண்டு கடிப்பான்.

சுதன்: குஞ்சு கத்தினாத் தூக்கவோ?

ராணி: தூக்காத. குஞ்சுகள் பெரிய நாடகக்காரர். மல்லாத்திப் போட்டு வயித்தைக் கோதினா, மூத்தவர் சட்டம் படிப்பிக்கிறார். ஆனா மயிரெல்லாம் சிலிர்த்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டா வந்து, புஸ்ஸெண்டு மூச்சு விட்டா துவாயைப் போட்டுப் பிரி. வெறுங்கையை வைக்காத.

சுதன்: கடிப்பானோ?

ராணி: எலும்பில முட்டித்தான் பல்லு நிக்கும். ரத்தம் கண்டா அண்டைக்கு அவ்வளவுதான்.

சுதன்: வனிலா பூசினா எல்லாருக்கும் ஒரே வாசமாமே?

ராணி: எலியின்ர மூக்கு உன்ர மூக்கில்லை. வனிலா பூசின அந்நியன் எண்டு விளங்கிக்கொள்ளும். நாலைஞ்சு தரம் சண்டையில்லாமப் போனா, பெரிய கூட்டை ஒரு மூலை விடாமக் கழுவி, சாமானெல்லாம் இடம் மாத்து. கழுவாம விட்டா அது சண்டியன்ர காணிதான். தண்ணிப் போத்தல் இரண்டு, சாப்பாட்டுக் கோப்பை இரண்டு. கம்பி இடைவெளி ஒரு சென்ரிமீற்றர் அளவில இருக்கட்டும், இல்லாட்டிப் பொடியள் விடிய முதல் உன்ர தலகாணிக்குள்ள.

சுதன்: அப்பிடியும் அடங்காட்டி?

ராணி: மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோய் விதை எடு. பிறகும் அவன் அடங்க ஒரு மாதத்துக்கு மேலயும் பொறுக்கவேணும்.

சுதன்: (தயங்கி) அன்ரி, வேற அறை எண்டனீங்கள்... எங்கட வீட்டில இருக்கிறதே ஒரு அறை.

ராணி: (பெட்டியைப் பறித்து) தா இஞ்ச. இரண்டு கிழமைக்குக் காலமைச் சாப்பாடு நீதான். எனக்கும் சேர்த்து.